காலும் இல்ல, வாலும் இல்ல... கல்லீரல் வரைக்கும் போவது எப்படி? மலேரியா கிருமியின் 'ரூட்' இதுதான்!

ஆடிக் கிருத்திகை வந்தாலே திருத்தணி மலை தாங்காது. சென்னைப் பக்கமிருந்தும், எல்லைக்கு அந்தப்பக்கம் நகரி, புத்தூர், சித்தூரிலிருந்தும் காவடியோடு வரும் கூட்டம் 365 படிகளையும் நிரப்பிவிடும். ராத்திரி திறந்தவெளியிலேயே படுத்து எழுந்து, காலையில் தரிசனம் பார்ப்பவர்களும் உண்டு. அப்படித் தூங்கும்போது மலேரியா கிருமியைச் சுமக்கும் ஒரு பெண் அனாபிலஸ் கொசு கடித்தால், உடம்புக்குள்ள என்ன நடக்கும்?

கொசு நேராக ரத்தத்தில் கிருமியை ஊற்றுவதில்லை. பெரும்பாலும் தோலில்தான் விடுகிறது. அதுவும் பொதுவாக நூறுக்கும் குறைவாகத்தான். 'ஸ்போரோசோயிட்' எனப்படும் இந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, ரத்தக்குழாயைத் தானே தேடிப் போக வேண்டும். நீந்த வால் கிடையாது, நடக்க காலும் கிடையாது. ஆனாலும் வினாடிக்கு 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டே போகிறது. கேட்க சின்னதாகத் தெரியலாம். நம்மைக் காக்கும் வெள்ளை அணுக்களைவிட இது பல மடங்கு வேகம்!

அதெப்படி?

மலைப்படி ஏறும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பின்னால் இழுப்போம், உடம்பு முன்னால் போகும் இல்லையா? அதே கதைதான். 'ட்ராப்' என்ற புரதம்தான் கிருமியின் கை. அது வெளியே நம் திசுவைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே மயோசின், ஆக்டின் என்ற புரதங்கள் அந்தக் கையைப் பின்னோக்கித் தள்ள, கிருமி முன்னே நகர்கிறது. நம் தசையை இயக்குவதும் இதே குடும்பப் புரதங்கள்தான். கண்ணாடித் தகட்டில் விட்டால், கிருமி வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

ரத்தக்குழாய் கிடைத்ததும் கல்லீரல். அங்கே ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் பெருகி, 'மெரோசோயிட்' என்ற புது வடிவத்தில் ரத்தத்துக்கு வருகிறது. இனி குறி சிவப்பணு. சிவப்பணு எதையும் தானாக விழுங்காது, அதனால் கிருமிதான் இடித்துக்கொண்டு நுழையணும். முதலில் ஒட்டுகிறது, பிறகு தன் கூர்முனை அணுவைப் பார்க்கும்படி திரும்புகிறது. அடுத்துதான் உண்மையான தில்லாலங்கடி. தன்னுடைய புரதத்தையே சிவப்பணுவின் சுவரில் நட்டு, அதைத் தானே பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடுகிறது. திருடன் தானே கொக்கி அடித்து, தானே கயிறு கட்டி ஏறுகிற மாதிரி! எல்லாம் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

உள்ளே பெருகி, அணுவை வெடித்து வெளியே வரும் நேரத்தில்தான் குளிர் நடுக்கமும் காய்ச்சலும். வைவாக்ஸ் வகையில் இது சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை.

1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று தடுப்பூசியே வந்துவிட்டது. 2021-ல் ஆர்டிஎஸ்,எஸ், 2023-ல் ஆர்21 என இரண்டை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்21-ஐத் தயாரிப்பது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட். இரண்டுமே கிருமியைக் கல்லீரலுக்குப் போகும் முன்பே மறிக்கப் பார்ப்பவை. ஆனால் இவை ஃபால்சிபாரம் வகைக்கானவை. சென்னையில் அதிகம் காணப்படுவதோ வைவாக்ஸ்.

இந்த வைவாக்ஸிடம் இன்னொரு வேலை இருக்கிறது. சில கிருமிகள் கல்லீரலிலேயே தூங்கிவிடும். காய்ச்சல் விட்டு, ஊரே மறந்த பிறகு, மாதக்கணக்கில் கழித்து எழும். கொசு கடிக்காமலேயே திரும்பவும் மலேரியா!

அதனால்தான் இந்தியாவின் சிகிச்சை முறையில் 3 நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரிமாகுயினும் தருகிறார்கள். தூங்கும் கிருமியைக் கொல்வது இரண்டாவது மாத்திரைதான். 'காய்ச்சல்தான் போச்சே' என்று நாலாவது நாளே அதை நிறுத்துவதில்தான் சிக்கலே. கர்ப்பிணிகளுக்கு பிரிமாகுயின் கிடையாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

கடித்த மறுநாளே காய்ச்சல் வராது, இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் வீடு திரும்பியிருப்பீர்கள். டாக்டரிடம் போகும்போது எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதையும் சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.