பொத்தானை யார் அழுத்துவது?



யாங்கோன் போகும் நம்ம ஆட்களின் பெட்டியில் இப்போ அடிக்கடி ஒரு ஹேண்ட் பிளெண்டர் இருக்கு. மூட்டுவாதம் வந்த அத்தைக்கு, கை விழுந்துபோன மாமாவுக்கு. "பாவம், ஈசியா இருக்கும்ல." யாருக்கு ஈசி என்பதுதான் என் கேள்வி.

கடையில் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் எல்லாமே சுலபம்தான். சட்னி அரைபடும் வரை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கணும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பேட்டரி மாடல்கள் பலவற்றில் பூட்டை ஒரு விரலால் விடுவித்து, அதே நேரம் இன்னொன்றால் அழுத்த வேண்டும். பாதுகாப்பான ஏற்பாடுதான், வீங்கிய விரலுக்கு அது பூட்டிய கதவு. பாத்திரத்தை யார் பிடிப்பது? இன்னொரு கை இருப்பதாகவே அந்தக் கருவி நினைத்துக்கொள்கிறது.

1990இல் அமெரிக்காவில் ஆக்ஸோ நிறுவனம் தடித்த ரப்பர் பிடி வைத்த தோல்சீவியைக் கொண்டுவந்தது. மூட்டுவாதம் இருந்த மனைவி பெட்ஸிக்காக சாம் ஃபார்பர் செய்தது என்றுதான் ரொம்ப நாள் கதை ஓடியது. பெட்ஸி கட்டிடக்கலை படித்தவர். யோசனையே அவருடையது என்பதை லிஸ் ஜாக்சன் 2018இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. வலி இருந்த கையே வடிவமைத்த கை. கதையில் மட்டும் அவர் உதவி பெற்றவர் ஆகிவிட்டார். நம்ம பார்சல்களிலும் நடப்பது இதுதான்.

லான்மடாவில் என் பெரியம்மா ஐந்தாவது மாடியில் இருக்கிறார். லிப்ட் கிடையாது. வலது கை பக்கவாதத்தில் போயிடுச்சு. அவர் கேட்டது பிளெண்டர் இல்லை. "வெங்காயம் ஓடாம நிக்கணும்டா, அது போதும்." தெரு முனை ஆசாரி ஒரு பலகையில் துருப்பிடிக்காத ரெண்டு ஆணியை அடித்துக் கொடுத்தார். வெங்காயத்தை அதில் குத்தி வைத்து, பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் இடது கையே போதும். நம்ம அரிவாள்மணையும் இதே புத்திதான்: கத்தி ஒரே இடத்தில் நிற்கும், காய்தான் நகரும். என்ன, தரையில் உட்காரணும்.

அந்த ஊரில் மாடியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர், பொட்டலம் எல்லாம் அதில்தான் மேலே ஏறும். மாடிப்படி இறங்க முடியாதவருக்கு இதைவிட நல்ல கருவியை எந்த ஆன்லைன் கடையும் விற்கவில்லை.

மியான்மர் 2011இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2015இல் சட்டமும் வந்தது. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு மின்சாரமே மணிக்கணக்கில் இல்லை. 2024 கட்டாய ராணுவச் சேவை அறிவிப்போடு இளைஞர்கள் பலர் நாட்டைவிட்டுக் கிளம்பிட்டாங்க. "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பேச்சும் வழக்கமாக மருமகள் தலையில்தான் விழும், அது வேற விஷயம். தனியாகச் சமைப்பது இப்போ அவர்களுக்குப் பெருமைக்கான விஷயம் இல்லை, அன்றைய சோறு.

அதனால் பொருளுக்குப் பதில் பணம் அனுப்பலாம் என்பது என் கட்சி. அங்கேயே வாங்கினால் கையில் பிடித்துப் பார்க்கலாம், கெட்டால் சரிசெய்யவும் ஆள் உண்டு. பொருள்தான் என்றால், எந்தக் கை, உட்கார்ந்தா நின்றா, கரண்ட் எப்போ வரும் என்று அவரிடமே கேளுங்க.

அடுத்த மாசம் யார் யாங்கோன் போறீங்க? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க.