ஃபார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

நம்மூர் கம்ப்யூட்டர் கடைகளில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். மெஷின் மெதுவா ஓடுதா? ஃபார்மட். வைரஸா? ஃபார்மட். லினக்ஸில் டி டிரைவைக் காணோமா? ‘அது வம்பு புடிச்ச சாமான் அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுர்றேன்.’ காய்ச்சலோடு வந்தவனின் தலையை எடுத்துவிட்டு, ‘இனிமே காய்ச்சலே வராது’ என்று பில் போடுகிற வைத்தியம் இது.

பெரும்பாலும் காணாமல் போவது டிரைவ் இல்லை, அதற்குப் போகிற வழி. பி.காம். பாஷையில் சொன்னால், பேரேட்டின் முன்பக்கம் ஓர் இன்டெக்ஸ் இருக்கும். அது கிழிந்து போனால் உள்ளே இருக்கிற கணக்கு அழிந்துவிடுமா? பழைய முறை ஹார்ட் டிஸ்க்கில் நான்கு பார்ட்டிஷன்களுக்கான இன்டெக்ஸின் மொத்த அளவு 64 பைட். அது கெட்டதற்காக 500 ஜிபி பேரேட்டையும் கொளுத்தச் சொல்கிறவரை என்னவென்று சொல்வது? புதிய ஜிபிடி முறையில் டிஸ்க்கின் கடைசியில் இன்டெக்ஸுக்கு ஒரு நகலே உண்டு.

பல நேரங்களில் இன்டெக்ஸ்கூட கெட்டிருக்காது. விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று வந்தது. அணைத்தாலும் முழுசாக அணையாது, அரைத் தூக்கம். ‘இந்த டிரைவை யாரோ பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள்’ என்று லினக்ஸ் அதைத் திறக்கத் தயங்கும். விண்டோஸில் போய் அந்த வசதியை நிறுத்தி, முழுசாக அணைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. இதற்கா ஃபார்மட்?

முதலில் டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே’ என்ற கட்டளை. வெறும் பட்டியல் போடும், எதையும் மாற்றாது. பார்ட்டிஷன் அதில் இருந்தால், மவுன்ட் ஆகவில்லை, அவ்வளவுதான். டிஸ்க்கே இல்லையென்றால் கேபிளையும் பயாஸையும் பாருங்கள். டிஸ்க் இருந்து பார்ட்டிஷன் மட்டும் இல்லையென்றால், அதில் எதையும் எழுதாமல் முழு நகல் எடுத்துக்கொண்டு ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளால் தேடலாம். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை. அதில் ஃபார்மட் அடித்த பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காது.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் தர ஆரம்பித்தது. அவற்றில் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தன. விண்டோஸை மறுபடி போட்டால் லினக்ஸின் வாசற்கதவு மறைந்துபோகலாம். லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாத விண்டோஸோ, சில சமயம் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்கும். ‘வேண்டாம்’ என்று சொல்ல எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம்?

போனால் போகட்டும் என்று விட, உள்ளே இருப்பது வெறும் சினிமாப் பாட்டு இல்லை. 2021 பிப்ரவரி 12-ல் விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அப்படி ஒரு வீட்டில், போன அம்மாவின் சிரித்த முகம் மகளின் லேப்டாப்பில் மட்டும் இருக்கலாம். அதை ஃபார்மட் அடிக்கிறவருக்கு அது ஒரு வேலை. அந்த வீட்டுக்கு இரண்டாவது சாவு.

ஆகவே வாசகர்களே, கடையில் மெஷினைக் கொடுக்கும்போதே கேளுங்கள்: ‘தம்பி, பார்ட்டிஷன் லிஸ்ட்டைப் பார்த்தாச்சா? நகல் எடுத்தாச்சா?’ முழித்தால், மெஷினை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

அரசுக்கும் ஒன்று. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தீர்கள். ஒவ்வொரு லேப்டாப் பெட்டிக்குள்ளும் ‘டிரைவைக் காணோமா? பதறாதே, எதையும் எழுதாதே’ என்று தமிழில் ஒரே ஒரு தாள் வையுங்கள். அச்சடிக்கச் சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்?