ஆயிரம் மடங்கு வேகம் - யார் கணக்கு?

கணினிகள் ஆயிரம் மடங்கு வேகமாகப் போகின்றன என்று 2025-இல் இணையமெங்கும் ஒரு செய்தி ஓடியது. கதாநாயகன், தாண்டலம் டைசல்பைடு. காக்காய்ப்பொன் மாதிரி ஏடு ஏடாக உரியும் படிகம்.

அசல் கதை 2014-இல், ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில், மிகைலோவிச் குழுவினரிடம் தொடங்குகிறது. இந்தப் படிகத்தைக் குளிர்வித்தால் பதின்மூன்று தாண்டலம் அணுக்கள் ஒரு நட்சத்திரமாகக் கூடிக்கொள்கின்றன. நட்சத்திரத்துக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் சிறைப்பட்டுவிடும்; மின்சாரம் ஓடாது. அதன் மேல் 35 ஃபெம்டோ செகண்ட் நீளமுள்ள ஒரே ஒரு லேசர் துடிப்பு. (ஒரு விநாடியைப் பத்து லட்சமாக நறுக்கி, அதில் ஒரு துண்டை நூறு கோடியாக நறுக்கினால் ஒரு ஃபெம்டோ செகண்ட்!) மின்தடை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விழுந்து, படிகம் உலோகம் போலாகி, லேசர் போன பிறகும் அப்படியே நின்றது.

திரும்ப எழுதும் டிவிடியிலும் லேசர்தான். ஆனால் அங்கே பொருள் உருகி மறுபடி உறைய வேண்டும். இங்கே உருகல் இல்லை, எலக்ட்ரான்கள் இடம் மாறி உட்காருகின்றன. வேகத்தின் ரகசியம் அதுதான். நிஜமாகவே அழகான கண்டுபிடிப்பு!

குளிர் போனால் எல்லாம் போச்சு என்பதுதான் சிக்கல். மைனஸ் 200 டிகிரியைத் தாண்டினாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 2025-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, உலோகத் தன்மையுள்ள ஒரு கலப்பு நிலையை மைனஸ் 63 டிகிரி வரை நிற்க வைத்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்தது ஃபெம்டோ செகண்ட் துடிப்பு அல்ல; சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார்கள். வேகம் ஒரு சோதனையிலிருந்து, வெப்பநிலை இன்னொன்றிலிருந்து. இரண்டு கடை வரவையும் ஒரே பேரேட்டில் எழுதி லாபம் காட்டினால் எந்தத் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்?

குளிர்பதனச் செலவு, லேசரின் விலை, எழுதியதை அழிக்க ஆகும் நேரம் - ஒன்றும் தலைப்பில் வருவதில்லை. பத்து வருடம் கழித்து "எங்கே அந்தக் கணினி?" என்று வரி கட்டுகிறவர் கேட்டால், திட்டு வாங்கப்போவது தலைப்பு எழுதியவர் அல்ல, ஆய்வகத்தில் இருப்பவர்.

மீக்கடத்திக் குவாண்டம் கணினிகள் எப்படியும் கடுங்குளிரில்தான் ஓடுகின்றன. அங்கே குளிர்ச் செலவு ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. பக்கத்தில் வைக்க ஒரு குளிர் நினைவகம்தான் தேவை. லுப்லியானா குழு மின் துடிப்பாலேயே இந்தப் படிகத்தை மாற்றிக் காட்டியது, 2016-இல். அது தலைப்புச் செய்தி ஆகவில்லை.