சும்மா சுத்தினா கரண்ட் வராதுங்கண்ணா!

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ பெரியப்பா ஒரு வீடியோ காட்டினார். ஒரு மோட்டார், அதுல பெல்ட் போட்டு ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் கரண்ட் திரும்ப மோட்டாருக்கே போகுதாம், மிச்சத்துல நாலு பல்பு எரியுதாம். "டீசலே வேணாமாம்டா. கிணத்துக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அட்வான்ஸ் நாப்பதாயிரம்தான்."

அனுப்பினது யாருன்னு பார்த்தா சொந்தத்துலயே ஒரு பி.இ. எலக்ட்ரிகல்! அதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் பொட்டி தட்டுறவன்தான். ஆனா இதுக்கு டிகிரியே வேணாம், டைனமோ வெச்ச பழைய சைக்கிள் போதும். ஸ்டாண்ட் போட்டு, டைனமோவை டயர்ல சாய்ச்சு, பெரியப்பாவைக் கையால பெடல் சுத்தச் சொன்னேன். முதல்ல பல்பு ஒயரைக் கழட்டிட்டு, அப்புறம் மாட்டிட்டு. "இப்ப கனமா இருக்கேடா" அப்படின்னார்.

அவ்ளோதாங்க விஷயம். காந்தம் சுத்தினா பக்கத்துல இருக்கிற கம்பிச்சுருள்ல மின்னழுத்தம் உண்டாகும். 1831ல ஃபாரடே கண்டுபிடிச்சது. ஆனா பல்பை மாட்டி கரண்ட் ஓட ஆரம்பிச்சதும் அந்தச் சுருளும் காந்தமாகி, சுத்துறதை எதிர்க்கும். இது 1834ல லென்ஸ் சொன்னது. கரண்ட் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். அந்த எதிர்ப்பை மீறி டர்பைனைத் தள்ளத்தான் மேட்டூர்ல தண்ணி, முப்பந்தல்ல காத்து. காந்தம் வெறும் தரகர், முதலாளி இல்ல.

கணக்கும் போட்டுடலாம். துளி நஷ்டம் இல்லைன்னு வெச்சுகிட்டாலும், ஒரு யூனிட் கரண்ட்டுக்கு 1000 லிட்டர் தண்ணி 367 மீட்டர் கீழ விழணும். 10 மீட்டர் உயர மொட்டைமாடி டேங்க்ல 1000 லிட்டர் இருந்தா? ஒரு 10 வாட் பல்பு மூணு மணி நேரம்கூட எரியாது!

"தமிழன் கண்டுபிடிப்பை அமுக்கிட்டாங்க" கோஷ்டிக்கு ஒரு கேள்வி. ஆனைமலையில கடம்பாறைன்னு 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கு. மிச்சக் கரண்ட் இருக்கும்போது கீழ இருந்து தண்ணியை மேல ஏத்தி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறாங்க. ஏத்தச் செலவான கரண்ட் முழுசா திரும்பி வர்றதில்ல. தானா ஓடுற ஜெனரேட்டர் நிஜமா இருந்தா, மலையைக் குடைஞ்சு இந்த நஷ்ட வியாபாரம் எதுக்கு?

வீடியோல பல்பு எரியுதேங்கறீங்களா? பலகைக்கு அடியில பேட்டரி இருக்கான்னு தேடுங்க சாமி.

பெரியப்பா அட்வான்ஸ் கொடுக்கலை. ஆனா எல்லார் வீட்டுலயும் டைனமோ சைக்கிள் இருக்காது. அதனால படிச்ச மகாஜனங்களே, அடுத்த தடவை "பகிரவும்"னு வந்தா, நாலு வருஷம் படிச்சதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. நீங்க அனுப்பினீங்கன்னுதான் நாலு பெரியப்பாக்கள் நம்பறாங்க.