பேரில்லாத் தகரங்கள்

ஹட்டனுக்கு மேலே, ஒருகாலத்தில் துரை பங்களாவாக இருந்து இப்போது விடுதியாகிவிட்ட ஒரு கட்டடத்தின் கூடத்தில் அண்மையில் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு மூன்று அலுமினியத் தகடுகள். கறுப்பும் நீலமுமாக மை கசிந்து புகைபோல மேலேறும் அரூப ஓவியம். வரைந்தவர் யார் என்று கேட்டேன். வரவேற்பு மேசையிலிருந்த தம்பி, “தெரியாது சேர். கொழும்பிலிருந்து வந்தது. கழுவலாம், பூஞ்சணம் பிடிக்காது” என்றார்.

அந்தத் தம்பி லயத்துப் பிள்ளை. ஓவியத்தைப் பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அது கழுவக்கூடியது என்பது மட்டும்தான். கோளாறு அவரிடம் இல்லை.

நான் அரூபத்தின் எதிரி அல்லன். 1943இல் தொடங்கிய 43 குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கிளாசன் அரூபத்தை இந்த நாட்டுக்குரியதாக்கிக் காட்டியவர். பிரதியெடுப்பதற்கும் நான் விரோதி அல்லன். பிரதி இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் ஓவியம் பார்த்திருப்போம்? ஆனால் மை ஓவியத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். தாள் மையைக் குடிக்கிறது. தூரிகை ஒருமுறைதான் போகும். தவறினால் திருத்த முடியாது. அந்த ஆபத்துத்தான் அந்தக் கலை. தகட்டிலோ, பூச்சிட்ட அலுமினியத்தின் மீது அச்சுத்தாளை வைத்து ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்குகிறது. ஆபத்து போய்விடுகிறது, பளபளப்பு மிஞ்சுகிறது. கூடவே வரைந்தவரின் பெயரும் போய்விடுகிறது.

என் சண்டை அந்தப் பெயரைப் பற்றியது.

அடையாளம் பொறித்த தகரம் மலையகத்துக்குப் புதிதல்ல. 1901இல் தகர டிக்கட் முறை வந்தது. தென்னிந்தியாவில் திரட்டப்பட்ட ஆளுக்கு ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் துளையிடப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் முகாமும் கப்பலும் ரயிலும் வழிவிடும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அந்தத் தகரத்திலும் பெயர் இல்லை.

மையும் புதிதல்ல. தேயிலைப் பெட்டிகளின் பலகையில் தகர அச்சை வைத்துக் கறுப்பு மை பூசித் தோட்டத்தின் பெயரையும் தேயிலையின் தரத்தையும் நிறையையும் பதித்தார்கள். பெட்டிக்குப் பெயர் இருந்தது. அதை நிரப்பியவருக்குக் கைநாட்டு இருந்தது. சம்பளத்துக்குக் கைநாட்டு, சேமலாப நிதிக்குக் கைநாட்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய பின், 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பங்களிலும் எத்தனையோ கைநாட்டு. அவற்றில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. நமது மலையில் பிறந்த மை ஓவியம் எது என்று கேட்டால், அந்தப் பெருவிரல் ரேகைதான் என்பேன். அதை எந்த விடுதியும் தொங்கவிடாது. விருந்தாளி அர்த்தம் கேட்டுவிடுவாரே!

“அப்படியானால் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை மாட்டச் சொல்கிறீரா?” என்று கேட்பார்கள். இல்லை. கூடை சுமந்து சிரிக்கும் அந்தப் பெண் நூறு வருடங்களுக்கு மேலாகத் தேயிலைப் பொதிகளில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் பெயர் கிடையாது. அந்தப் படம் பொய் சொல்கிறது. இந்தத் தகடு ஒன்றுமே சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாததற்காகவே அதை வாங்குகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே லயம் தெரிகிறது. கண்ணை உள்ளே திருப்பிக்கொள்ள ஒரு மூட்டம் தேவைப்படுகிறது.

விடுதிக்காரரை மட்டும் குற்றஞ்சொல்லித் தப்பிவிட முடியாது. உருவப்படம் மாட்டாத வீடுகள் நம்முடையவை. அதனாலேயே இந்தத் தகடுகள் நமது வரவேற்பறைகளுக்கும் சுலபமாக வந்துவிட்டன. இறைவசனம் கூட இப்போது அதே அலுமினியத்தில், அதே நீலப் புகையின் மேல் வருகிறது. எழுதியவர் யாரென்று நாம் கேட்பதில்லை. ஆனால் நமது எழுத்தணிக் கலையின் மரபு என்ன? நாணற் பேனையால் எழுதியவர் “கதபஹு”, அதாவது “இதை எழுதியவர்” என்று குறித்துத் தன் பெயரை இடுவார். ஆசானிடம் இஜாஸா பெற்ற பிறகுதான் அந்த உரிமை. பெயர் இடுவது பெருமைக்காக அல்ல, எழுதியதற்குப் பொறுப்பேற்பதற்காக. அந்த மரபுக்குரிய நாமே பெயரற்ற மையை விலைகொடுத்து வாங்குகிறோம்.

வரைகிறவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தேயிலைத் தோட்டச் சமூகத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் கொண்டே தன் கலையை ஆக்குகிறார். கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், பழைய லயம் ஒன்று 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. விடுதிகளுக்கு இவை தெரியாத இடங்களல்ல. போக மனமில்லை.

ஆகவே கேட்பது பெரிய விடயம் அல்ல. மலையகத்தில் சுவர் எழுப்பி அலங்கரிப்பவர்கள் மலையகத்து ஓவியரிடம் வாங்கட்டும். தகட்டில்தான் வேண்டுமென்றால் தகட்டிலேயே அச்சிடட்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஓவியருக்குப் பணம் கொடுக்கட்டும். பக்கத்தில் அவருடைய பெயரை எழுதட்டும். அந்த வரவேற்பு மேசைத் தம்பிக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும். நாமும் நமது வீட்டுச் சுவருக்கு அதையே செய்வோம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் “பேர்” என்றுதான் சொல்வார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 1000 ரூபாயானது 2021இல். 1350 ஆனது 2024இல். இரண்டுக்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம் என்பது நமக்குத் தெரியும். பேருக்காக இவ்வளவு காலம் மாரடித்த மலையில், சுவரில் தொங்கும் தகரத்துக்காவது ஒரு முழுப்பேர் போட்டுவிடுங்கள்.