எண்ணாமல் விடப்படும் சீனி

(பத்தாம் வகுப்பு மாணவி)

உடல் இளைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. அம்மாமார் இட்லியை எண்ணுகிறார்கள். அக்காமார் கைபேசியில் கலோரியைக் கூட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "மொத்தக் கலோரிதான் கணக்கு. அது சோற்றிலிருந்து வந்தால் என்ன, சீனியிலிருந்து வந்தால் என்ன?" என்பது ஒரு கட்சி. "சீனி நஞ்சு, தொட்டாலே உடல் பெருத்துவிடும்" என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டில் எது சரி? முதற் கட்சியாரின் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கை அவர்கள் எழுதும் விதம் சரியன்று என்பதே என் கருத்து.

கலோரி என்பது உணவு நமக்குத் தரும் ஆற்றலை அளக்கும் அளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியல் அறிஞர் வில்பர் அட்வாட்டர் ஆய்ந்து வகுத்த கணக்கையே இன்றும் உலகம் பின்பற்றுகிறது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. சீனியும் மாவுச்சத்து வகையைச் சேர்ந்ததே. ஆகவே ஒரு கிராம் சீனி தருவதும் 4 கலோரிதான். அரிசி மாவைவிட அது ஒரு கலோரிகூட அதிகம் தருவதில்லை. எண்ணெயில் பொரித்த முறுக்கோடு ஒப்பிட்டால் சீனி சாதுவாகவே தோன்றும். டீயில் சீனியை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாகக் கை நிறைய மிக்சர் அள்ளித் தின்பவர் ஏன் இளைப்பதில்லை என்பது இப்போது விளங்கும். "நஞ்சு" கட்சியார் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் சீனியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? இங்கேதான் ஓர் ஆராய்ச்சி நமக்குக் கைகொடுக்கிறது. நியூஸிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை நடந்திருந்த பல சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆய்ந்து, 2013ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சீனியைக் குறைத்து அதே அளவு கலோரியை வேறு மாவுப் பொருளாகக் கொடுத்தபோது, எடையில் மாற்றம் இல்லை. ஆனால் "விருப்பம்போல் உண்ணுங்கள், சீனியை மட்டும் குறையுங்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக 0.8 கிலோ இளைத்தார்கள். சீனியைக் கூட்டியவர்கள் ஏறக்குறைய அதே அளவு பெருத்தார்கள்.

இரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும். உண்மையில் முரண் இல்லை. முதல் வகையினருக்குக் கலோரியை வேறொருவர் அளந்து போட்டார். இரண்டாம் வகையினர் நம்மைப்போல் தாமே எடுத்து உண்டவர்கள். அளந்து போட்டால் சீனியும் சோறும் ஒன்று. அளக்காமல் உண்டால் சீனி நம்மை அறியாமல் கூட வந்து சேர்ந்துவிடுகிறது. நாம் எல்லோரும் இரண்டாம் வகையினரே. கைபேசியில் கணக்கெழுதும் அக்காமாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

ஏன் அறியாமல் சேருகிறது? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பதினைந்து பேருக்கு நான்கு வாரம் நாள்தோறும் 450 கலோரி அளவுக்கு ஜெல்லி மிட்டாய் கொடுத்தார்கள். இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியை இனிப்புச் சோடாவாகக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தாமாகவே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த நாட்களில் குறைக்கவில்லை; வழக்கம்போல் உண்டு, எடையும் கூடினார்கள். மென்று தின்ற சீனியை வயிறு ஒருவாறு குறித்துக்கொள்கிறது. குடித்த சீனியை அது சரியாகக் குறித்துக்கொள்வதில்லை போலும்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டு அடுப்படியே போதும். (அம்மாவின் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.) எடையைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி உண்கிறார்கள். மதியம் சோற்றையும் குறைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் காபி உண்டு. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் மொத்தம் 40 கிராம், அதாவது 160 கலோரி. அது ஏறத்தாழ மூன்று இட்லிக்குச் சமம்! இரண்டு இட்லியைத் தியாகம் செய்து பசியோடிருந்தவருக்கு, மூன்று இட்லி காபி வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்டால், "காபி சாப்பாடா என்ன?" என்பார்கள். விருந்தாளி வந்தால் ஐந்தாவது டம்ளரும் உண்டு. நம் ஊரில் விருந்தாளியைத் தனியாகக் காபி குடிக்க விடும் வழக்கம் கிடையாது.

"நாங்கள் கருப்பட்டிக் காபிதான் குடிக்கிறோம்" என்று சில பெற்றோர் மகிழலாம். கருப்பட்டிக்கு மணம் உண்டு, வெல்லத்தில் சிறிதளவு இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் கலோரிக் கணக்கில் அவை சீனியைவிடச் சற்றே குறைந்தவை, அவ்வளவுதான். தேனும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேனையும் பழச்சாற்றையும்கூடச் சீனியின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தையும் பாலையும் சேர்க்கவில்லை. நாளொன்றுக்கு உண்ணும் மொத்தக் கலோரியில் இத்தகைய சீனி பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது அதன் அறிவுரை. 2000 கலோரி உண்பவருக்கு முதல் எல்லை 50 கிராம், இரண்டாவது 25 கிராம். கடையில் விற்கும் 300 மில்லி வண்ணப் பானம் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 30 கிராம் சீனி இருக்கிறது. சீனிக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்றால், எடை குறைப்பதற்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் கூறிவிட்டது.

இனி என் தோழியரிடம் ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையை நான் எழுத முனைந்ததே இதற்காகத்தான்.

நம்மில் சிலர் மதிய உணவு டப்பாவை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு, மாலையில் பழச்சாறு என்று பெயரிட்ட டப்பா பானத்தை வாங்கிக் குடிக்கிறோம். "இன்று மதியம் சாப்பிடவே இல்லை, கணக்குச் சரியாகிவிட்டது" என்கிறோம். கூட்டல் கழித்தலில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தள்ளிவிட்ட டப்பாவில் என்ன இருந்தது? சோறும் பருப்பும், ஒருவேளை முருங்கைக் கீரையும், முட்டையும். குடித்த டப்பாவில் என்ன இருந்தது? தண்ணீரும் சீனியும் பெரும்பாலும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. ஐந்து பேர் அமரும் பெஞ்சில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குறைவான கலோரியில் நாளைக் கழிக்க நினைப்பவளுக்கு ஒவ்வொரு கலோரியும் ஏதேனும் ஒரு சத்தைச் சுமந்து வர வேண்டும். சீனி வெறுங்கையோடு வருகிறது. சோற்றைக் குறைத்துச் சீனியை வைத்துக்கொள்வது, பள்ளிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு ரிப்பன் வாங்குவதைப் போன்றது.

மேலும், வளரும் வயதில் எடை கூடுவது இயற்கை. பதினைந்து வயதில் எடை குறைக்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். கண்ணாடி சொல்ல வேண்டாம். டாக்டர் சொல்லாத வரையில் நமக்குக் கலோரிக் கணக்கே தேவையில்லை என்று நான் நினைக்கிறேன். கணிதப் பாடத்தில் இருக்கும் கணக்குகளே போதும்! டாக்டர் சொல்லியே குறைப்பதானாலும் சாப்பாட்டு டப்பாவைக் கடைசியில் தொடலாம். குடிக்கும் சீனியிலிருந்து தொடங்கலாம்.

பெரியவர்களுக்கும் இதுவே எளிய வழி. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டியை ஒன்றாக்கினால், இட்லியைத் தொடாமலே அம்மாவின் கணக்கில் நாளொன்றுக்கு 80 கலோரி குறையும். முதல் சில நாட்கள் காபி கசக்கும் என்பது உண்மை. அம்மா இப்போது ஒன்றரைத் தேக்கரண்டி வரை இறங்கியிருக்கிறார்கள். அப்பா இன்னும் தொடங்கவில்லை.

பள்ளியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளையாட்டு விழாவன்று பந்தயம் முடித்து வருபவர்களுக்கு ஆரஞ்சு நிறப் பானம் தருவது நம் வழக்கம். அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக இரண்டு பானை மோர் வைத்தால் என்ன? உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் கடைந்து கொண்டுவர எங்கள் வகுப்பு தயார். பானைகளை விடுதிச் சமையலறையிலிருந்து சிஸ்டர் தந்தால் போதும்.