சுரிகுழலும் சுருட்டைத் தலையும்

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இலக்கிய வகுப்பு நடைபெறுவதாகக் கொள்க. ஆசிரியர் 'சுரிகுழல்' என்னும் சொல்லை எழுதி, சுருண்ட கூந்தல் எனப் பொருள் உரைத்து, பண்டைப் புலவரின் அழகுணர்ச்சியை வியக்கிறார். மணி அடிக்கிறது. வெளியே வரும் அதே ஆசிரியர், இரட்டைப் பின்னலுக்குள் அடங்காமல் நெற்றியோரம் சுருண்டெழுந்த முடியோடு நிற்கும் மாணவியைக் கண்டு, "தலை வாரத் தெரியாதா? இதென்ன பரட்டை?" என்று கடிகிறார். நூலில் இருந்தால் அணி. மாணவியின் தலையில் இருந்தால் குற்றம்! இம்முரண்பாட்டை ஆசிரியர் பலர் முரண்பாடாகவே உணர்வதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

குழல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்க. குழலுதல் என்றால் சுருளுதல். சங்கின் புரியைக் குறிக்கும் சுரிதான் ஆடவர் தலையில் சுரியல் ஆயிற்று. ஆற்றுநீர் வடிந்தபின் கருமணலில் எஞ்சும் நெளிவரிகளுக்கு அறல் என்று பெயர்; அதனையே கூந்தலுக்கு உவமையாக்கினர் சங்கப் புலவர். கூந்தலின் நீளத்தையும் கருமையையும் போற்றிய அவர்கள் அதன் நெளிவையும் சுரிவையும் போற்றாமல் விட்டாரில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என நக்கீரர் இறைவனோடு வாதிட்டதாகக் கதை வழங்கும் சமூகம் இது. 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் வழியாக அவ்வழக்கைப் பட்டிதொட்டியெல்லாம் மனப்பாடம் செய்த சமூகமும் இதுவே. கூந்தலின் இயற்கை மணத்திற்காக அத்துணை வழக்காடியவர்கள், அதன் இயற்கை வடிவத்திற்காக ஒரு சொல்லும் பேசுவதில்லை!

பேசுவதற்கு மாறாக ஏசுகின்றனர். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ஊர்ப் போக்கிரிக்குப் 'பரட்டை' என்று பெயர் வைத்தனர். அப்பெயர் பள்ளித் திடல்களிலும் வந்து ஒட்டிக்கொண்டது. மலேசியப் பிள்ளைகள் தம் பங்கிற்கு 'ரம்புட் மேகி' என்று ஒன்றைச் சேர்த்தனர். வேகவைத்த மீயோடு ஒப்பிடப்படும் சிறுமி வீட்டுக்குச் சென்று கண்ணாடி முன் நிற்கிறாள். அங்கே தாயும், "இந்த முடியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாயோ?" என்று பெருமூச்செறிகிறாள். அவ்வீட்டுப் பூசையறையில் புட்டபர்த்தி சாயிபாபாவின் படம் மாட்டப்பட்டிருத்தலும் கூடும். அப்படத்தில் உள்ள முடியை எவரும் வாரிப் படியவைக்கச் சொன்னதில்லை.

இனி, அம்முடியின் இயல்பு யாது? மயிர்க்காலின் வளைந்த அமைப்பே சுருளுக்குக் காரணம். வாரும் கையின் சோம்பல் அன்று. சுருண்ட இழையின் வழியே தலைத்தோலின் இயற்கை நெய் நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. ஆகவே முடி வறள்கிறது. உலர்ந்த நிலையில் நெருங்கிய பற்களுடைய சீப்பைக் கொண்டு இழுத்தால் ஒடிகிறது. ஒடிந்த இழைகள் மேலும் சிலிர்த்து நிற்கின்றன. அதைக் கண்ட தாய் மேலும் அழுத்தி வாருகிறாள்! அன்றாடம் காலையில் பிள்ளை அழுவதற்குக் காரணம் இவ்வளவே.

செய்ய வேண்டியது கடினமன்று. முடி ஈரமாக இருக்கும்போது, அகன்ற பற்களுடைய சீப்பாலோ விரல்களாலோ நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். நுரை மிகுந்த ஷாம்புவை நாள்தோறும் தேய்த்தல் ஆகாது. துவாலையால் முறுக்கிப் பிழிவதை விடுத்து ஒற்றியெடுத்தல் நன்று. குளிக்குமுன் தேங்காயெண்ணெய் தடவும் பாட்டியின் வழக்கம் ஏளனத்திற்குரியதன்று. அவ்வெண்ணெய் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது நேரும் புரத இழப்பைக் குறைக்கிறது என 2003இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. ஊறவைத்து அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலையும் முடியை வழுவழுப்பாக்கிச் சிக்கை எளிதில் நெகிழச் செய்யும். செம்பருத்தியோ இந்நாட்டின் தேசிய மலர்!

இவற்றை விடுத்து, முடிதிருத்தும் நிலையத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கொடுத்து 'ரீபாண்டிங்' செய்துகொள்ள விரைகின்றனர். அங்கே நிகழ்வது யாது? முடியின் புரதத்தைப் பிணைத்து நிற்கும் கந்தகக் கட்டுகளை வேதிப்பொருளால் உடைத்து, சூட்டுக்கோலால் நீட்டி, மற்றொரு வேதிப்பொருளால் மீண்டும் பிணைக்கின்றனர். வேரிலிருந்து மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் புதுமுடி சுருளாகவே வளரும். ஆகவே மீண்டும் செலவு, மீண்டும் சூடு. வெறும் சூட்டுக்கோலால் நீட்டிய முடியோ இந்நாட்டு ஈரக் காற்றில் மாலைக்குள் பழைய வடிவம் கொள்ளும். உடல்நலக் கவலையும் உண்டு. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வின் கணிப்பு இது: முடி நீட்டும் பொருள்களைப் பயன்படுத்தாதவருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்துவோருள் 4.05 விழுக்காடு. அப்பொருள்களே காரணம் என அவ்வாய்வு அறுதியிடவில்லை. ஆயினும் பதின்மூன்று வயதுச் சிறுமியை அந்நாற்காலியில் அமர்த்துமுன் பெற்றோர் தயங்க அவ்வெண்கள் போதும்.

"பள்ளிக்கு ஒழுங்கு வேண்டாமா?" என்று கட்டொழுங்கு ஆசிரியர் வினவுவார். வேண்டும். முடி தூய்மையாக இருக்கட்டும், கட்டப்பட்டிருக்கட்டும். நேராக இருக்கட்டும் என்பது ஒழுங்கன்று. பிறப்பைப் பிழையெனச் சொல்லும் ஆணை. பேன் பெருகும் என்பாரும் உளர். பேன் தலையோடு தலை ஒட்டுவதால் பரவுவது. முடியின் வடிவத்தைப் பார்த்துக் குடியேறுவதன்று. முடியின் வடிவத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரித்தவர் தென்னாப்பிரிக்க நிறவெறி அதிகாரிகள். முடியில் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா, சிக்கி நிற்கிறதா என்று பார்த்து இனத்தை வகுத்தனர். அந்நாட்டின் பிரிட்டோரியா நகரில் கறுப்பின மாணவியர் தம் பள்ளியின் முடி விதிகளை எதிர்த்து 2016இல் எழுந்தனர். அவ்விதிகளை வகுத்தோரும் ஒழுங்கு என்ற பெயரையே சூட்டியிருந்தனர்.

தமிழாசிரியருக்கு அத்தகைய போராட்டம் எதுவும் தேவையில்லை. பள்ளி விதித்தாளில் 'முடி படிய வாரப்பட்டிருத்தல் வேண்டும்' என்று எழுதியிருந்தால், 'படிய' என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டுத் 'தூய்மையாக' என்று எழுதினால் போதும். கலைநிகழ்ச்சி நாளில் பிள்ளைகளுக்குத் தலைவாரும் ஆசிரியை, தம் பையில் அகன்ற பற்சீப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். அதன் விலை சில வெள்ளிதான்.